ஐம்பத்தைந்துக்கு மேல் போகாதவர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் நான் முடிக்கிற வரைக்கும் சிரிக்காதீர்கள். நான் கார் எலக்ட்ரீஷியன், சுந்தராபுரத்தில் பட்டறை. பேய் பிடித்திருக்கிறது என்று என்னிடம் வந்த வண்டிகள் எத்தனையோ, அத்தனைக்கும் நான் எடுத்துக் காட்டியது அறுந்த ஒயரோ எலி கடித்த ஒயரோதான். ஒருவர் ஹாரன் தானாக அடிக்கிறது என்று பம்பரைச் சுற்றி வேப்பிலை கட்டிக்கொண்டே வந்தார், பிரித்துப் பார்த்தால் ஹாரன் பொத்தானுக்குள் யாரோ குழந்தை ஊற்றிய பாயசம். எல்லாவற்றுக்கும் ஒரு ஒயர் இருக்கிறது, தேடத்தான் பொறுமை வேண்டும், இதுதான் என் கட்சி. யாராவது பட்டறையில் வந்து பேய் என்று ஆரம்பித்தால் எனக்கு முணுக்கென்று கோபம் வந்துவிடும், அதை இன்றைக்கும் மறைப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பதற்கு முன்னால். அன்றைக்கு அமாவாசை இல்லை, ராத்திரியும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்த மத்தியானம், பொள்ளாச்சி ரோடு, முன்னாலும் பின்னாலும் லாரி. பேய்க்கு உண்டான வசதி ஒன்றுகூட அங்கே கிடையாது.

வண்டியைக் கொண்டு வந்தவர் உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பூங்கொடியக்கா. ஐம்பதை நெருங்கிய வயது, தென்னந்தோப்பு இருக்கிறது, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டார். அவருடைய கணவர் பழனிசாமி மாட்டுத் தரகர், பொள்ளாச்சிச் சந்தையில் அவர் கை வைக்காத மாட்டு வியாபாரம் இல்லை என்பார்கள். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். இந்த வண்டி அவர் ஆசைப்பட்டு வாங்கியது. அதில் குரூஸ் கண்ட்ரோல் என்று ஒரு வசதி, ஒரு வேகத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டால் காலை எடுத்துவிடலாம், வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும். நெடுஞ்சாலையில் பறக்கிறவர்களுக்காகச் செய்தது. பழனிசாமி அதை ஐம்பத்தைந்தில் வைத்துக்கொண்டு கையைக் கட்டாத குறையாக உட்கார்ந்திருப்பாராம். நாலுவழிச் சாலையில் வைக்கோல் ஏற்றின டிராக்டர்கூட ஹாரன் அடித்து ஓரங்கட்டிப் போகும், இவர் அசைய மாட்டார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு இவர்கள் போய்ச் சேரும்போது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் அவருக்குப் பெயரே அம்பத்தஞ்சு.

மனைவியை மட்டும் ஸ்டியரிங் பக்கம் விட்டதே இல்லை. அவர் போன பிறகு அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, எண்ணெய் மில்லுக்கும் பேங்குக்கும் தானே ஓட்டிக்கொண்டு போய் வர ஆரம்பித்திருக்கிறார். "ஸ்டியரிங்கப் புடிச்சதுக்கு அப்பறந்தானுங்க தம்பி எனக்கு மூச்சே நல்லா வருது," என்று முதல் நாளே சொன்னார்.

வண்டியில் குறை இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடாமீட்டர் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழும், கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துகொள்ளும். குரூஸ் கண்ட்ரோலோ பொத்தானை அமுக்கினால் பிடிக்கவே பிடிக்காது. இதைப் பார்த்துவிட்டு அவருடைய கணவரின் அண்ணன், வண்டியில் தம்பியின் ஆவி இருக்கிறது, பொம்பளை ஓட்டுவது அவனுக்குப் பிடிக்கவில்லை, விற்றுவிடலாம் என்று ஆரம்பித்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டு, சொந்தம் மொத்தமும் வரும், அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். வண்டி போனால் இன்னொன்று வாங்க விடமாட்டார்கள், பிறகு எங்கே போவதற்கும் யாராவது வந்து கூட்டிப்போகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"எந்த ஒயருன்னு மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க தம்பி," என்றார். "ஒயரா இருந்தா நீங்க பாருங்க. அவரா இருந்தா நான் பாத்துக்கறனுங்க."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை வாபஸ் வாங்கலாம் போல இருக்கிறது.

விஷயம் என் கணக்குக்கு எளிது. சக்கரத்தில் இருக்கிற சென்சார்கள் வேகத்தை எண்ணும், அந்தச் செய்தி இரண்டு மெல்லிய ஒயர் வழியாக மீட்டருக்குப் போகும், அதையே பார்த்துத்தான் குரூஸ் கண்ட்ரோலும் வேலை செய்யும். வேகம் தெரியாவிட்டால் அது கையைத் தூக்கிவிடும். அதனால் இரண்டு நோயும் ஒரே நோய்தான். நாலு சக்கரத்துச் சென்சாரையும் கழற்றி இரும்புத் தூள் துடைத்து மாட்டினேன், பேரிங் பார்த்தேன், எல்லாம் நன்றாக இருந்தது. ஸ்கேனர் என்று ஒரு கருவி வைத்திருக்கிறேன், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் மாட்டினால் வண்டி தன் வியாதியைத் தானே சொல்லிவிடும். மாட்டினேன். மாட்டி ஓட்டினால் முள் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நிற்கிறது. கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் முதல் வேகத்தடையிலேயே விழுகிறது. மறுபடி மாட்டினால் அடக்கம். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போய்விடுகிற குழந்தை இருக்கிறதே, அந்தக் கதைதான்.

மீட்டர் போர்டு வேலைக்கு எனக்கு உக்கடம் ரஃபி பாய்தான். வந்தார், மீட்டரை வெளியே எடுத்து மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தார், குறையே இல்லை என்றார். நான் சந்தேகப்பட்டதும் கோபம் வந்து இன்னொரு தடவை பிரித்துக் காட்டினார். பிறகு யார் வண்டி, என்ன கதை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றே பேச ஆரம்பித்தார். இது ஒயர் விஷயம் மாதிரி தெரியவில்லை, உன் மெஷினைப் பார்த்து எதுவோ ஒளிந்துகொள்கிறது என்றார். நீங்கள் மீட்டரைப் பாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எரிந்து விழுந்தேன்.

கடைசியில் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, கால் வெளியே தலை பிரேக் மிதிக்குப் பக்கத்தில் என்று மல்லாக்கப் படுத்துத் தேடினேன். அந்த ஸ்கேனர் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கயிறு தொங்கியது. பிடித்து இழுத்தால், சுருட்டி மந்திரித்துக் கட்டின செப்புத் தகடு. அது ஆடி ஆடி, மீட்டருக்கு அந்த வழியாகப் போகிற மெல்லிய ஒயர்களின் தோலை உரித்துவிட்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு ஒயரையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தது. செய்தி நின்றுபோகும், முள் விழும். ஸ்கேனரை மாட்டும்போது சாக்கெட் உள்ளே தள்ளப்பட்டுத் தகடு விலகிக்கொள்ளும், எல்லாம் சரியாகிவிடும். என் ஸ்கேனரைப் பார்த்து எதுவும் பயப்படவில்லை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கருமாதி முடிந்த கையோடு அந்த அண்ணன் ஒரு பூசாரியிடம் மந்திரித்து வாங்கி, செத்தவன் வண்டி, ஒரு காவலுக்கு இருக்கட்டும் என்று தன் கையாலேயே கட்டினதாம். ஆவி வராமல் இருப்பதற்குக் கட்டின தகடுதான் ஆவி மாதிரி ஆட்டம் காட்டியிருக்கிறது. அக்கா கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எனக்கு ஒரே பெருமை. உரிந்த ஒயரில் டேப் சுற்றி, தகட்டைக் கழிவுத் தகர டப்பாவில் வீசினேன். ரஃபி பாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"காவலுக்குன்னு கட்டுனதக் கழட்டிப்போட்டியே கதிரு," என்றார். "எதுக்குக் காவல்னு ஒரு நிமிசம் யோசிச்சியா?"

நான் யோசிக்கவில்லை.

மூன்று பேரும் சோதனை ஓட்டம் போனோம். நான் ஓட்டுகிற வண்டி, நான்தான் ஓட்டுவேன் என்று அக்கா உட்கார்ந்தார். நான் பக்கத்தில். தன் மீட்டரின் மானத்தைக் காப்பாற்ற ரஃபி பாய் பின்னால். எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கை வைக்கிற இடத்தில் பழனிசாமியின் பச்சைத் துண்டு மடித்துக் கிடந்தது, அதை அக்கா எடுக்காமலே வைத்திருந்தார். மலுமிச்சம்பட்டி தாண்டி, ஒத்தக்கால்மண்டபம் தாண்டி எழுபது, எழுபத்தைந்து என்று போகிறோம், முள் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. படித்தவர்கள்கூட இந்தக் காலத்தில் தகடு கயிறு என்று அலைகிறார்களே என்று நான் ஒரு சொற்பொழிவு ஆரம்பித்தேன். பாதியில் வண்டி மெதுவானது. யாரோ நிதானமாகக் காலை எடுத்த மாதிரி, குலுங்காமல், மெள்ள மெள்ள இறங்கி ஒரு வேகத்தில் நின்றுகொண்டது. மீட்டரில் குரூஸ் கண்ட்ரோலின் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்தில் எண், ஐம்பத்தைந்து.

பொத்தானைத் தொட்டீர்களா என்று கேட்டேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது என்றார். பிரேக்கைத் தொட்டு அதை விடுவித்துவிட்டு மறுபடி ஆக்ஸிலேட்டரை மிதித்தார், எழுபது வந்தது, பச்சை விளக்கு எரிந்தது, ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, பொத்தான்தான் உள்ளே ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். கிணத்துக்கடவுக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடை ஓரம் நிறுத்தச் சொல்லி, பொத்தான்களுக்குப் போகிற ஒயரின் சாக்கெட்டையே கீழே கழற்றித் தொங்கவிட்டேன். இனிமேல் பொத்தானை அமுக்கினாலும் வண்டிக்குத் தெரியாது. கிளம்பினோம். எழுபது வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

கழற்றின சாக்கெட் அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ரஃபி பாய் வாய்க்குள் ஓத ஆரம்பித்துவிட்டார். எனக்கும் யாரையாவது கூப்பிடலாம் என்றுதான் இருந்தது, ஆனால் அதுவரை எந்தச் சாமியையும் தொந்தரவு செய்யாதவன் திடீரென்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? பயந்துவிட்டேன், சொல்வதற்கு வெட்கமில்லை. அக்கா பயப்படவில்லை. அவருக்குக் கோபம். முகம் சிவந்து, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசினார்.

"ஏனுங்க. உசுரோட இருக்கையிலதான் உடல. இப்பவும் உடமாட்டீங்களா? நாயித்துக்கெழம உங்க அண்ணன் முன்னால இந்த வண்டி இப்பிடி நின்னுதுன்னா சாவியப் புடுங்கிக்குவாருங்க. அப்பறம் நான் ஆசுபத்திரிக்குப் போறதுன்னாலும் அவரு ஊட்டு வாசல்ல போய் நிக்கோணும். அதத்தான் பாக்கோணுமாங்க உங்களுக்கு?"

இத்தனை கோபத்திலும் ஒரு இடத்தில்கூட மரியாதை குறையவில்லை, அதைக் கவனித்தேன். வண்டி ஐம்பத்தைந்திலேயே போனது. ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போனது.

அக்கா பெருமூச்சு விட்டு, இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து அந்தப் பச்சைத் துண்டுக்குள் விட்டார்.

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள், விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தும் மடக்கியும்தான் பேரம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பழனிசாமி அந்தப் பாஷையை மனைவிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாராம். அப்போதெல்லாம் கூட்டுக் குடும்பம், அண்ணன் எப்போதும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ள முடியாது. அதனால் அம்மா வீட்டுக்குப் போவது, சேலை எடுப்பது, பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்று எல்லாமே துண்டுக்குள்தான். சண்டைகூடத் துண்டுக்குள்தான் போட்டோம் என்று பிறகு சொன்னார்.

"எடது கைங்க, தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் துண்டைப் பார்த்து. "சோத்துக் கை ஸ்டியரிங்ல இருக்குது."

துண்டு அசைந்தது. அவர் கை அசைந்ததால்தானே அசையும் என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் மீட்டரில் ஐம்பத்தைந்து என்பது அறுபது ஆனது. கொஞ்ச நேரம் அப்படியே. அறுபத்திரண்டு ஆனது. ரெண்டு ரெண்டாகத்தான் ஏற்றுகிறார் என்று அக்கா பல்லைக் கடித்தார். அக்கா எண்பதில் ஆரம்பித்து எழுபத்தைந்துக்கு இறங்கி, எழுபதில் நின்றுவிட்டாராம். அந்தப் பக்கம் அறுபத்தாறுக்கு வந்து அதற்கு மேல் அசையவில்லை. பின்னாலிருந்து பாய் ஓதுவதை நிறுத்திவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி மீட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"மொரண்டு புடிக்கறாரு தம்பி," என்றார் அக்கா. "நடுவுல ஒரு ஆளு இருந்தாத்தான் முடியும். கைய வெச்சு எழுவதுக்கு முடிச்சு உடுங்க."

எனக்கு அந்த விரல் கணக்கெல்லாம் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். என் தொழில் வேறு என்றும் சொன்னேன். ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, அவர் பிடித்தால் நீங்களும் பிடியுங்கள், அவ்வளவுதான் என்றார். கையை வை கதிரு, நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் பாய். அக்கா தன் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். அவருடைய இரண்டு கையையும் நான் பார்த்தேன், அதை உங்களிடம் சத்தியம் செய்து சொல்கிறேன். நான் என் வலது கையைத் துண்டுக்குள் விட்டேன்.

அங்கே ஒரு கை இருந்தது. குளிர் காற்று, சிலிர்ப்பு, அதெல்லாம் இல்லை. கை. சூடாக, உள்ளங்கை காய்த்துப்போய், காலமெல்லாம் மாட்டுக் கயிறு பிடித்த கை. என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கியது. நானும் அமுக்கினேன். மீட்டரில் எழுபது வந்தது.

அக்கா சிரித்தார், அப்புறம் அழுதார், அழுதுகொண்டே கியர் மாற்றினார். ஒத்தக்கால்மண்டபம் திரும்பி வந்ததும் ரஃபி பாய் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். மீட்டரில் குறை இல்லை என்பதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிட்டு உக்கடம் பஸ்ஸைப் பார்க்கப் போனார். பட்டறைக்கு வந்ததும் அக்கா கழிவு டப்பாவைக் கிளறி அந்தத் தகட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவர் போனில் சொன்னார். எழுபதிலேயே போய்ப் பந்திக்கு முன்னால் சேர்ந்துவிட்டார். சொந்தமெல்லாம் கூடியிருக்க, ஒயரைக் கெடுத்தது இதுதான் என்று தகட்டை எடுத்து வைத்திருக்கிறார். அண்ணன் விடவில்லை, நானே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். கிளம்பின வண்டி இருபதுக்கு மேல் ஏறவே இல்லையாம். அவர் மிதிக்கிற மிதியில் இன்ஜின் கத்துகிறது, முள் இருபதில் நிற்கிறது, பின்னால் ஒரு மொபெட் ஹாரன் அடிக்கிறது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கி, சாவியை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டு, நேராகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். விற்கிற பேச்சு அதோடு நின்றது. அக்கா இப்போது தனியாகக் கோபி வரைக்கும் மகளைப் பார்க்கப் போய் வருகிறார்.

வண்டிக்குள் இதுவரைக்கும் நடந்ததை ரஃபி பாயைக் கேட்டாலும் சொல்வார். இதற்கு மேல் இருப்பதைப் போன வாரம் வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மீட்டரில் எழுபது வந்ததும் நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அந்தக் கை விடவில்லை. என் நடுவிரலையும் மோதிர விரலையும் மட்டும் தனியாகப் பிரித்துப் பிடித்தது. ஒரு தடவை உள்பக்கமாக மடக்கியது. மடக்கிவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தது. எனக்கு எப்படியாவது கையை வெளியே எடுத்தால் போதும் என்றிருந்தது, அவர் பிடித்தால் பிடி என்று அக்கா சொன்னது ஞாபகம் வந்தது, பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினேன். உடனே விட்டுவிட்டது.

அப்போது அது ஏதோ விடைபெறுகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தூக்கம் வராமல் பொள்ளாச்சிச் சந்தைக்கே போய், ஒரு வயசான தரகரிடம் விரலை மடக்கிக் காட்டிக் கேட்டேன். எந்தச் சந்தை, என்ன உருப்படி, யார் கொடுப்பது, யார் வாங்குவது, இது தெரியாமல் விரலுக்கு அர்த்தம் சொல்ல முடியாது, ஆனால் திருப்பிப் பிடித்தால் பேரத்துக்கு ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு என்றார். அப்படி ஒரு பேரம் பேசினவன் அதையெல்லாம் தெரியாமலா கையை வைத்தான் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து அக்காவின் வண்டி வந்தால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்க்கிறேன். நான் ஒப்புக்கொண்டது ஒருவேளை அதுவாக இருந்துவிடட்டும் என்று.

போன வாரம் அக்கா பேட்டரி மாற்ற வந்தபோது, மனசு கேட்காமல் அவரிடமே சொல்லிவிட்டேன். விரலையும் மடக்கிக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்காமல் என் மடக்கின விரல்களைப் பார்த்தார்.

"நீங்க கைய எடுத்துட்டீங்களா, இல்ல திருப்பிப் புடிச்சீங்களா தம்பி?"

"புடிச்சுப்போட்டனுங்க அக்கா."

"அப்ப பேசி முடிஞ்சுதுங்க," என்றார். பிறகு காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன், "பயப்படாதீங்க. பேசுனதுக்கு மேல ஒண்ணும் கேக்கமாட்டாரு. ஆனா பேசுனத வாங்காமயும் போகமாட்டாருங்க."